சேலம் 1937: கடை மூடிய மூன்றாம் நாளும் ஒரு வரி மீனும்

பாப்பாவுக்காகப் போன மாதம் நாமக்கல்லில் ஆறு மீன் வாங்கினேன். "ஜீப்ராங்க. சீக்கிரம் சாவாது, எந்தத் தண்ணியிலும் சமாளிச்சுக்கும்" என்று சொல்லி கடைக்காரர் பாலிதீன் பையில் காற்றடைத்துக் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் சுண்டு விரல் நீளம்கூட இல்லை. வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரைக்கும் நீலக் கோடுகள். வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்டதும் ஆறும் நேராக அடிக்குப் போய், கூழாங்கல்லை ஒட்டி அசையாமல் நின்றுவிட்டன.

"ஏம்ப்பா, செத்துப் போச்சா?" என்றாள்.

சாகவில்லை. பயம். அஞ்சு நிமிஷம் கழித்து ஒன்று மெதுவாக மேலே வந்து பார்த்தது. அப்புறம் இன்னொன்று. பத்து நிமிஷத்தில் ஆறும் தொட்டி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக எங்கள் ஜில்லாவின் மதுவிலக்கு வரலாற்றைப் பற்றிக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு முடிச்சு அவிழாமலே இருந்தது. அந்த அஞ்சு நிமிஷத்துக்கும் அந்த முடிச்சுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.

முதலில் மீன். இதை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் பிரான்சிஸ் புக்கானன். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர், ஸ்காட்லாந்துக்காரர். திப்பு விழுந்த மறு வருஷம், 1800இல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் உத்தரவில் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கன்னடக் கரை, மலபார் எல்லாம் சுற்றினார். ஊருக்கு ஊர் என்ன பயிர், யார் எந்தத் தொழில், வரி எவ்வளவு, நெசவு எப்படி, கள் எப்படி இறக்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். 1807இல் மூன்று பாகமாகப் புத்தகம் வந்தது. நம்ம பக்கத்து வரலாறு எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் இருக்க முடியாது. அந்தப் பயணத்தில் கொள்ளேகால் பக்கத்திலிருந்து மலையிறங்கிக் காவிரிபுரம் வந்தார். அங்கிருந்து நெருஞ்சிப்பேட்டை, பவானி வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனார். காவிரிபுரம் இன்றைய சேலம் மாவட்டத்தில், மேட்டூருக்கு மேலே கொளத்தூர்ப் பக்கம் இருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது அந்தப் பக்கத்து ஊர்களும் பழைய பாதைகளும் தண்ணிக்குள் போயின. பண்ணவாடியில் தண்ணி இறங்கி நந்தி தலை தெரிந்தால் ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள் இல்லையா, அந்த ஏரியாதான்.

அதே ஆள் பிறகு வங்காளத்தில் வருஷக்கணக்கில் அளவாய்வு செய்தார். அம்மா வழிப் பெயரையும் எடுத்துக்கொண்டு ஹாமில்டன் ஆனார். 1822இல் கங்கையிலும் அதன் கிளை ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் வருகிற ஒரு சின்னக் கோடு போட்ட மீனுக்கு அவர் வைத்த பெயர் சைப்ரினஸ் ரெரியோ. இன்றைக்கு டேனியோ ரெரியோ. தொட்டியில் சுற்றுகிற அதே ஜீப்ரா. நம்ம நாட்டு வயல் வாய்க்காலிலும் மெதுவாக ஓடுகிற ஓடையிலும் மழைக்காலத்தில் பெருகுகிற மீன்.

வயல் மீன் ஆய்வகத்துக்குப் போனது மீன் கடை வழியாகத்தான். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்றொருவர் இருந்தார். பூடாபெஸ்டில் பிறந்த யூதர், நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன குடும்பம். முதுகெலும்புள்ள பிராணி ஒன்றில் மரபணு வேலை செய்ய வேண்டும், எலி செலவு பிடிக்கும், இடமும் பிடிக்கும் என்று யோசித்து வளர்ப்பு மீன் கடையில் இந்த மீனை வாங்கினார். முட்டை உடம்புக்கு வெளியே இருக்கும், கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே நாளில் உள்ளே இதயம் துடிப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். 1981இல் 'நேச்சர்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. 1984இல் இறந்துவிட்டார், தான் ஆரம்பித்து வைத்தது எவ்வளவு பெரிதாகும் என்று பார்க்காமலே. இன்றைக்கு உலகம் முழுக்க லேப்களில் இருக்கிற ஜீப்ரா மீன் வகைகளில் ஒன்றின் பெயர் 'விக்'. விரித்தால் 'வைல்டு இந்தியா கொல்கத்தா'. 2013இல் இதன் மரபணுத் தொகுப்பை முழுசாக வெளியிட்டபோது, மனித மரபணுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு இந்த மீனில் ஜோடி இருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். பயப்படும்போது நம் ரத்தத்தில் ஏறுகிற கார்டிசால்தான் இதற்கும் ஏறுகிறது. எலிக்குக்கூட அது வேறு ஹார்மோன்.

சரி, அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வருவோம். பாப்பா தொட்டியில் நான் பார்த்தது லேப்களில் தினமும் நடக்கிற சோதனை. உயரமான, குறுகலான தொட்டி. மீனைப் புதிதாக அதில் விடுவார்கள். கேமரா ஓடும். முதலில் எத்தனை நொடி அடியில் நின்றது, மேல் பாதிக்கு எப்போது முதன்முதலாக வந்தது, எத்தனை தடவை வந்தது, இதுதான் கணக்கு. டியூக் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லெவினும் மற்றவர்களும் 2007இல் இந்த முறையில் நிகோடின் கொடுத்த மீன்கள் சீக்கிரம் மேலே வருவதைக் காட்டினார்கள். பதற்றம் குறைந்தால் மேலே, கூடினால் கீழே. கேஃபீன் கொடுத்தால் மீன் தடுமாறித் துள்ளும். காபி குடித்துவிட்டு நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு வழியும் உண்டு, பயமுறுத்துவது. 1938இல் மியூனிக்கில் கார்ல் ஃபான் ஃப்ரிஷ் ஒரு விஷயத்தை எழுதினார். கூட்டத்தில் ஒரு மீனின் தோல் கிழிந்தால் தண்ணீரில் ஏதோ ஒன்று கசிகிறது, மற்ற மீன்கள் அதை மோந்து சிதறி ஓடுகின்றன. தேனீ நடனத்தைப் புரிந்துகொண்டாரே, 1973இல் நோபல் வாங்கினாரே, அவரேதான். பின்னால் 2012இல் சிங்கப்பூரில் அஜய் மதுரு, சுரேஷ் ஜேசுதாசன் குழு ஜீப்ரா மீனில் அந்தக் கசிவில் இருக்கிற ஒரு பொருளை அடையாளம் கண்டது. காண்ட்ராய்டின் என்கிற சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகள்.

மீனுக்குப் 'பதற்றம்' என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். ஆராய்ச்சிக்காரர்களும் 'பதற்றம் போன்ற நடத்தை' என்றுதான் எழுதுகிறார்கள். அந்த 'போன்ற' எனக்குப் பிடித்திருக்கிறது. மனுஷனுக்குக்கூட அப்படித்தான் எழுத வேண்டுமோ என்னவோ.

இப்போது மது. மீனுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணியில் கலந்துவிட்டால் செவுள் வழியாக ரத்தத்துக்குப் போய் மூளைக்குப் போய்விடும். 1970இலேயே தங்க மீனை வைத்துக் குடி ஆராய்ச்சி செய்யலாம் என்று ரால்ஃப் ரைபேக் எழுதியிருந்தார். ஜீப்ரா மீனில் அதைப் பெரிதாக்கியவர் ராபர்ட் கெர்லாய். 2000ஆம் ஆண்டில் அவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை போட்டார்கள். ஆங்கிலத்தில் 'மீன் மாதிரி குடிக்கிறான்' என்றொரு சொலவடை உண்டு, அதையே தலைப்பாக்கினார்கள். லிட்டருக்கு இரண்டரை மில்லி, அஞ்சு மில்லி, பத்து மில்லி என்று மூன்று அளவு. அதாவது 0.25, 0.5, 1 விழுக்காடு. ஒரு மணி நேரம். நடு அளவுகளில் மீன் சுறுசுறுப்பானது, சண்டைக்கும் நின்றது. 1 விழுக்காட்டில் மந்தமாகிவிட்டது. ஏறி இறங்குகிற வளைகோடு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எந்தப் பெரியவரும் கிராஃப் இல்லாமலே இதைச் சொல்லிவிடுவார். முதல் கிளாஸில் பாட்டு, இரண்டாவதில் சண்டை, அப்புறம் திண்ணை.

2003இல் டுலுகோஸ், ராபின் என்ற இரண்டு பேர் மூன்று வகை ஜீப்ரா மீனுக்கு மது கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. பரம்பரையும் இதில் இருக்கிறது என்பதற்கு அது ஒரு கைகாட்டி.

இதையெல்லாம் படித்துக்கொண்டே போனபோது என் மேசையின் மறுபக்கத்தில் சேலம் கிடந்தது.

1937 அக்டோபர் 1. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராகி மூன்று மாதம் ஆகவில்லை. மாகாணம் முழுக்க ஒரேயடியாக வேண்டாம், ஒரு ஜில்லாவில் செய்து பார்ப்போம் என்று சேலத்தைத் தேர்ந்தெடுத்தார். அன்றைக்குச் சேலம் ஜில்லா என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி. இருபது லட்சத்துக்கு மேல் ஜனம். அந்தத் தேதியில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடின. அந்தக் காலத்தில் மாகாண வருமானத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு கலால் வரியிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய துணிச்சல் என்று தெரியும். பின்னால் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று விரித்தார்கள். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்றைக்குக் கடையில் பில் போடும்போது நாம் கட்டுகிற வரிக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது.

ஏன் சேலம்? அது அவருடைய மண். பிறந்த தொரப்பள்ளி அன்றைய சேலம் ஜில்லாவில் ஓசூர்ப் பக்கம். வக்கீல் தொழில் சேலத்தில். நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கூட இருந்து எழுதியவர் கல்கி. பிற்பாடு சரித்திர நாவல்களால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட பேனா, அன்றைக்குப் புதுப்பாளையத்தில் குடியின் கேட்டை எழுதிக்கொண்டிருந்தது. அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கிப் பார்த்தது நாற்பது வயசுக்கு மேல்தான்.

சேலத்தில் நடந்ததை அந்தக் காலத்தவர்களே ஒரு பரிசோதனையாகத்தான் பார்த்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், 1937 அக்டோபர் முதல் 1938 செப்டம்பர் வரையான முதல் வருஷத்தின் விளைவுகளை ஆய்வு செய்தார். குடிக்குப் போன காசு எங்கே போனது, சாப்பாட்டுக்கா, துணிக்கா, கடனுக்கா என்ற மாதிரிக் கேள்விகள். வீட்டுக்கு அதிகச் சாப்பாடு போனது, துணிமணி வந்தது என்பது பொதுவான முடிவு. மரமேறிகளின் பிழைப்பு போனது இதன் இன்னொரு பக்கம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே ஆள், ஒரே கத்தி. நடுவில் சுண்ணாம்பு மட்டும். அந்தச் சுண்ணாம்பைச் சட்டம் கண்காணிக்க ஆரம்பித்தது.

நல்ல ஆய்வு, நல்ல நோக்கம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு ரூபாய் கூலியில் எட்டணா கள்ளுக்கடைக்குப் போகிற வீட்டில் பொம்பளைகளுக்கு அக்டோபர் 1 தீபாவளியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த ஆய்வு ஆரம்பிக்கிற கேள்வியே பணம்தான். தலைப்பே 'பொருளாதார விளைவுகள்'. கடை மூடிய மறுநாள், அதற்கு மறுநாள், தினமும் குடித்தவனின் உடம்பில் என்ன நடந்தது? என் முடிச்சு அதுதான். அந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் தாய்மாமா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரைவர். போர்வெல் போடுகிற வண்டி. வருஷத்தில் பாதி நாள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்விடுவார். ராத்திரி பூரா மிஷின் ஓடும், பகலில் தூக்கம் வராது, குடிப்பார். பத்துப் பன்னிரண்டு வருஷம் தினமும். ஒரு கார்த்திகை மாசம் ஊரில் இருந்தபோது அத்தைக்கு வாக்குக் கொடுத்து ஐயப்பனுக்கு மாலை போட்டார். போட்ட அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. வீடே சந்தோஷத்தில் இருந்தது. முதல் நாள் கை நடுங்கியது. குளிர் என்றார்கள். இரண்டாம் நாள் ராத்திரி தூங்கவே இல்லை, வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் சுவரில் எறும்பு சாரை சாரையாகப் போகிறது என்று துண்டால் தட்ட ஆரம்பித்தார். சுவரில் ஒன்றும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்து யாருடா நீ என்றார்.

சாமி வந்திருக்கிறது என்றார் ஒருத்தர். காத்து கருப்பு அடிச்சிருக்கு என்றார் இன்னொருத்தர். வேப்பிலை வந்தது, திருநீறு வந்தது. சாயந்திரம் வலிப்பு வந்து கீழே விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா எங்கள் கதை எதையும் கேட்கவில்லை. மாலையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்து, "தினமும் குடிப்பாராம்மா? எப்ப நிறுத்துனாரு?" என்றார்.

"மாலை போட்டதுல இருந்து தொடவே இல்லீங்க" என்று அத்தை பெருமையாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அதான்" என்றார் டாக்டர்.

பிழைத்துவிட்டார். ஆனால் வீட்டில் வேறு கணக்கு ஓடியது. குடிச்சப்ப நல்லாத்தான இருந்தாரு, விட்டதும்தான இப்படி ஆச்சு? மாமாவுக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. தை மாசம் மறுபடி ஆரம்பித்தார். யார் நிறுத்தச் சொன்னாலும், "நிறுத்துனா செத்துருவேன், பாத்தீங்கல்ல" என்பார். 2009இல் ஈரல் கெட்டுத்தான் இறந்தார். குடியை விடுவதற்குப் பயந்தே குடித்த ஒரு மனுஷனை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் சேலம் 1937ஐப் பற்றி எதைப் படித்தாலும் அக்டோபர் 3, அக்டோபர் 4 என்றுதான் மனசு போகும்.

அந்தக் காலத்து டாக்டர்களுக்கு இது தெரியாதா என்றால், பாதி தெரியும். இந்த நடுக்கப் பிதற்றலுக்குப் பெயர் வைத்தவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய டாக்டர், 1813இல். ஆனால் அது குடித்ததால் வருகிறதா, குடியை விட்டதால் வருகிறதா என்ற வழக்கு நூறு வருஷத்துக்கு மேல் தீரவில்லை. குடிகாரன் சரியாகச் சாப்பிடுவதில்லை, சத்துக் குறைவுதான் காரணம் என்றார்கள். விஷம் ஏறி மூளை கெட்டது என்றார்கள். தீர்ப்பு வந்தது 1955இல்தான். அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழு பத்துப் பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்துக்கொண்டே தினமும் மது கொடுத்தது. எல்லாரும் முன்னாள் மார்ஃபின் அடிமைகள், தண்டனைக் கைதிகள். நாலு பேர் ஐந்து வாரத்துக்குள் விலகிவிட்டார்கள். மற்ற ஆறு பேர் 48 நாளிலிருந்து 87 நாள் வரை குடித்தார்கள். சட்டென்று நிறுத்தியதும் அவர்களில்தான் வலிப்பும் பிதற்றலும் வந்தன. சாப்பாட்டுக் குறை இல்லை, ஆகவே நிறுத்தியதுதான் காரணம். (48 நாள் என்றதும் எனக்கு மண்டலக் கணக்கு ஞாபகம் வந்தது. நம்ம ஊரில் விடுவதற்கு ஒரு மண்டலம், அங்கே பழக்குவதற்கு ஒரு மண்டலம்.)

ஆக, சேலத்தில் கடை மூடியபோது இந்த உண்மை உறுதியாக 18 வருஷம் பாக்கி இருந்தது. ராஜாஜியோ கலெக்டரோ அறிந்தே விட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. குடி ஒரு கெட்ட பழக்கம், பணத்தைத் தின்கிற பழக்கம். அதற்கு மேல் அதைப் பார்க்க அன்றைக்குக் கண்ணாடி இல்லை.

கைதிகளை வைத்து அப்படி ஒரு சோதனையை இன்றைக்கு யாரும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அந்த இடத்துக்குத்தான் மீன் வந்தது. அதுவும் வலி தெரிந்த உயிர்தான், அதற்கும் விதிமுறைகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கெர்லாயின் லேபில் மீன்களை வாரக்கணக்கில் மது கலந்த தண்ணியில் வைத்தார்கள். ஒரேயடியாக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அளவை ஏற்றி 0.5 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புது மீனை ஆட வைக்கிற அந்த அளவு, பழகிய மீனைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பார்த்தால் குடிக்காத மீன் மாதிரியே இருக்கும். பிறகு அந்த மீனை எடுத்துச் சுத்தமான தண்ணியில் விட்டார்கள். அப்போதுதான் அது நிலைகுலைந்தது. அலன் கலுயெஃப் குழுவும் இதையே வேறு விதமாகப் பார்த்தது. ஒரு வாரம் மதுவில் வைத்துவிட்டு நிறுத்தினால், புதுத் தொட்டியில் அந்த மீன்களிடம் பதற்றம் கூடியது.

நல்ல தண்ணி மீனுக்குப் பயம் கொடுக்கிறது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இதன் காரணத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்கு வண்டியை வைத்துச் சொல்லலாம். மூளையில் வேகத்தைக் குறைக்கிற ஒரு ரசாயனம் உண்டு, காபா. வேகத்தைக் கூட்டுகிற ஒன்று உண்டு, குளூட்டமேட். மது பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது, ஆக்சிலேட்டரையும் தளர்த்துகிறது. தினமும் அப்படியே ஓட்டினால் மூளை என்ன செய்யும்? வண்டி நகர வேண்டுமே. பிரேக்கைத் தானே தளர்த்தி, ஆக்சிலேட்டரை ஏற்றி வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் அப்படிச் சரிக்கட்டி ஓடிய வண்டியில் ஒரு நாள் திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் பிரேக்கே இல்லாத ஏறிய ஆக்சிலேட்டர். கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் ஆனதும் இல்லாத எறும்பு தெரியலாம். மாமாவின் மூன்று நாளும் ஏறக்குறைய அந்தக் கணக்குப்படியே நடந்தன. அதனால்தான் தினமும் நிறையக் குடிக்கிறவரை டாக்டர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாத்திரையால் பிரேக்கைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அதையும் குறைக்கிறார்கள். கூடவே பி1 வைட்டமினும் கொடுக்கிறார்கள்.

மீனில் இன்னொரு சோதனையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2009இல் ஃபெர்னாண்டஸ், கெர்லாய் இருவரும் முட்டைக்குள் இருக்கிற ஒரு நாள் கருவை இரண்டே மணி நேரம் மது கலந்த தண்ணியில் வைத்தார்கள். அப்புறம் சுத்தத் தண்ணி, சாதாரண வளர்ப்பு. குஞ்சுகள் பார்க்க நன்றாகவே இருந்தன. வளர்ந்த பிறகு, மீன் கூட்டத்தின் படத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓடவிட்டால் சாதாரண மீன் அதை ஒட்டிப் போய் நிற்கும். இவை அவ்வளவாகப் போகவில்லை. முட்டையில் பட்ட மதுவின் அளவு கூடக்கூடக் கூட்டத்தை விட்டு விலகல் கூடியது. கர்ப்பிணிகள் மதுவைத் தொடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்வதற்கு இப்படி ஒரு வரி மீனும் சாட்சி.

சேலத்துக் கதை பிறகு எல்லாருக்கும் தெரிந்ததுதான். காங்கிரஸ் ராஜினாமா, உலகப்போர்க் காலத்தில் கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைப்பு, சுதந்திரத்துக்குப் பின் 1948இல் மாகாணம் முழுக்க. 1971இல் திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் திறந்தது, 2003இலிருந்து அரசே சில்லறைக்கு விற்கிறது. ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு தேதி உண்டு, வருமானக் கணக்கும் உண்டு. 1937க்கும் 1974க்கும் நடுவில் லெக்சிங்டன் நடந்திருந்தது. இன்றைக்கு மறுபடி மூட வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அத்தையை நினைத்தால் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் மூடுகிற தேதிக்கு முன்னாலேயே ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் படுக்கையும் மாத்திரையும் தயாராக இருக்க வேண்டும். மூன்றாம் நாளுக்கு.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அத்தை போன் செய்தார். பையன், அதாவது என் மச்சான், இந்த வருஷம் மாலை போடப்போகிறானாம். கார்த்திகைக்குப் பத்து நாள் இருந்தது. அவனுக்கும் அப்பன் தொழில்தான், அப்பன் பழக்கம்தான். நானே அவனுக்குப் போன் போட்டேன்.

"தினமும் எவ்வளவு மச்சான்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "ஒரு குவார்ட்டர். சில நாள் ரெண்டு."

"சனிக்கெழமை வரேன். டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துரலாம்."

"குடிக்கறதுக்குத்தான் டாக்டர் பாப்பாங்க, விடறதுக்குமா?" என்று சிரித்தான்.

"உங்கப்பனுக்கு எறும்பு தெரிஞ்சது ஞாபகம் இருக்கா?"

சிரிப்பு நின்றது. "எத்தன மணிக்கு வர்றீங்க?" என்றான்.